துருவ ஒளி பார்க்க ட்ரொம்சோ பயணம்: மேகத்தை வைத்துத் திட்டமிடுங்கள்

துருவ ஒளி பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சூரியனைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். சூரியப் புயல் எப்போது வரும், கேபி எண் (பூமியின் காந்தப்புலம் எவ்வளவு உலுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் 0 முதல் 9 வரையான அளவு) எவ்வளவு இருக்கும் என்று மாதக்கணக்கில் செயலிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வட நார்வேயைப் பொறுத்தவரை இந்தக் கவலைக்கு இரண்டாம் இடம்தான். அங்கே பயணத்தைக் கெடுப்பது மேகம். எத்தனை இரவு தங்குவது, எங்கே தங்குவது, சுற்றுலா வண்டியா வாடகைக் காரா என்ற முடிவுகள் எல்லாவற்றையும் மேகத்தை மனத்தில் வைத்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம் (இதுதான் சூரியக் காற்று) பூமியின் காந்தப்புலத்தை உலுக்குகிறது. அந்த உலுக்கலில் வேகம் பெற்ற எலெக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளின் வழியே இறங்கி, தரைக்கு மேல் 100 கி.மீ. முதல் 300 கி.மீ. வரையுள்ள ஆக்ஸிஜன், நைட்ரஜன் மீது மோதுகின்றன. பச்சை நிறம் 100 முதல் 150 கி.மீ. உயரத்து ஆக்ஸிஜன் தருவது. 200 கி.மீ.க்கு மேலே அதே ஆக்ஸிஜன் சிவப்பாக ஒளிரும். திரைபோல் தொங்கும் ஒளியின் கீழ் விளிம்பில் சில நேரம் தெரியும் இளஞ்சிவப்பு நைட்ரஜனுடையது. இவ்வளவும் காந்தத் துருவத்தைச் சுற்றிய ஒரு வளையத்துக்குள் நடக்கிறது. 69.6 பாகை வட அட்சரேகையில் இருக்கும் ட்ரொம்சோ நகரம் அநேகமாக எல்லா இரவும் அந்த வளையத்தின் கீழோ அதன் ஓரத்திலோ இருக்கிறது. ஆகவே கேபி 1 அல்லது 2 இருந்தாலே அங்கே ஒளி தெரியும். ஆனால் மழை மேகம் 10 கி.மீ. உயரத்துக்குள் முடிந்துவிடும். ஒளி எவ்வளவு ஆடினாலும் அந்த மூடிக்கு மேலேதான் ஆடும்.

சூரியனின் செயல்பாடு ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறையும். இப்போதைய சுற்றான சூரியச் சுழற்சி 25 அதன் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. "உச்சம் போய்விட்டதே, இனிப் போய்ப் பயனுண்டா?" என்ற கேள்வி அதனால் எழுகிறது. பயனுண்டு. உச்சம் இறங்கும் ஆண்டுகளில் சூரியனின் வெளி அடுக்கில் காந்தப்புலம் திறந்திருக்கும் இடங்களான கொரோனா துளைகளிலிருந்து வேகமான சூரியக் காற்று திரும்பத் திரும்ப வரும். வளையத்தின் கீழே நிற்பவருக்கு அது தாராளமாகப் போதும்.

எந்த மாதம்

ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை ட்ரொம்சோவில் ஒளி பார்க்கும் அளவுக்கு இருட்டு கிடைக்கும். நடுக்கோடையில் இரவே கிடையாது.

செப்டம்பரில் குளிர் குறைவு, ஏரிகள் உறையாமல் இருப்பதால் ஒளியின் பிரதிபலிப்பும் கிடைக்கும். ஆனால் பனி இருக்காது. அக்டோபர் ட்ரொம்சோவின் மழை மாதம், தவிர்ப்பது நல்லது. நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். இருட்டு அதிகம் என்பதால் வாய்ப்பும் அதிகம் என்று தோன்றும். உண்மையில் ஒளி அடர்த்தியாகத் தெரிவது மாலை 6 முதல் நள்ளிரவு 1 வரைதான், அந்த நேரம் பிப்ரவரியிலும் இருட்டாகவே இருக்கிறது. பகல் வெளிச்சமே இல்லாத நான்கைந்து நாள் சிறு பிள்ளைகளையும் பெரியவர்களையும் சோர்வடையச் செய்யும். டிசம்பர், ஜனவரிக்கு உள்ள தனிச் சிறப்பு திமிங்கிலங்கள். ஹெர்ரிங் மீனைத் துரத்திக்கொண்டு ஓர்க்காவும் கூன்முதுகுத் திமிங்கிலமும் வட நார்வேயின் ஷெர்வோய் பக்கக் கடலுக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை வருகின்றன.

முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. தரையில் பனி நிறைந்திருக்கும், பகல் நீண்டிருக்கும், சம இரவு நாளையொட்டி பூமியின் காந்தப்புலம் சூரியக் காற்றோடு எளிதில் இணைவதால் ஒளியின் தீவிரமும் கூடும். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும். அதற்குப் பிறகு இருட்டுக்காக இரவு 9 மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

நிலாவுக்குப் பயந்து தேதியை மாற்ற வேண்டாம். முழு நிலவில் மங்கலான ஒளி அடிபட்டுப் போகும், ஆனால் பனிமலை முழுவதும் படத்தில் விழும்.

எத்தனை இரவு

ஓர் இரவு வானம் திறக்க 40 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரே இரவு தங்கினால் 40. இரண்டு இரவு தங்கினால் 64, மூன்றுக்கு 78, நான்குக்கு 87, ஐந்துக்கு 92. நான்காவது இரவு வரை ஒவ்வோர் இரவும் நன்றாகப் பயன் தருகிறது, அதன்பின் வேகம் குறைகிறது. ஒரு விஷயத்தை இந்தக் கணக்கு மறைக்கிறது: மேகம் தனித்தனி இரவாக வருவதில்லை, மூன்று நாள் கூட்டமாக வரும். ஆகவே நான்கு இரவுக்குக் குறைத்துத் திட்டமிட வேண்டாம். ஐந்து இருந்தால் நிம்மதி. ஐரோப்பா சுற்றுலாவின் நடுவே "ட்ரொம்சோ, 2 இரவு" என்று செருகும் பேக்கேஜ்கள் பணத்தை வீணாக்குகின்றன.

ஊர்த் தேர்வு

ட்ரொம்சோ கடலோர நகரம். வெப்ப நீரோட்டத்தால் ஜனவரி சராசரி வெப்பநிலை மைனஸ் 4 டிகிரி அளவில்தான் இருக்கும், அந்த அட்சரேகைக்கு இது மிகவும் மிதமானது. அதே கடல்தான் மேகத்தையும் தருகிறது. ஆனால் மேகத்தை விட்டு விலகிப் போகப் பல பக்கம் சாலை இருக்கிறது. மேற்கே குவாலோயா தீவும் கடற்கரைகளும். கிழக்கே மலைகளைத் தாண்டி 115 கி.மீ. தொலைவில் ஷிபொட்ன். அங்கிருந்து மேலேறினால் பின்லாந்தின் கில்பிஸ்யார்வி, ட்ரொம்சோவிலிருந்து மொத்தம் 160 கி.மீ. போல. கடலிலிருந்து வரும் ஈரத்தை மலைகள் தடுத்துவிடுவதால் கரையில் பனி கொட்டும் இரவில்கூட இந்தப் பக்கம் நட்சத்திரம் தெரியும். இப்படி இடம் மாற்றித் தேட முடிவதுதான் ட்ரொம்சோவின் பலம்.

ஸ்வீடனின் அபிஸ்கோ இதற்கு நேர்மாறு. சுற்றியுள்ள மலைகள் மேகத்தை மறிப்பதால் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 மி.மீ. மழைதான் பெய்கிறது, டோர்னெட்ரெஸ்க் ஏரிக்கு மேலே வானம் அடிக்கடி திறந்திருக்கும். ஆனால் அது சின்னஞ்சிறு ஊர், வேறு பொழுதுபோக்கு குறைவு, மைனஸ் 20 இயல்பு. பின்லாந்தில் பலரும் போகும் ரோவனியெமி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியே இருக்கிறது, ஒளி வளையத்துக்குக் கொஞ்சம் தெற்கு. அந்த நாட்டில் ஒளிக்காகவே போகிறீர்கள் என்றால் இவாலோ, இனாரி பக்கம் போங்கள்.

விசா, விமானம்

இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு இரண்டுக்கும் ஷெங்கன் விசா (நார்வே உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். அதிக இரவு தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பம் ஏற்பார்கள், கடைசி எல்லை 15 நாள். பரிசீலனைக்குப் பொதுவாக 15 நாள், சிக்கல் இருந்தால் 45 நாள் வரை ஆகலாம். பிப்ரவரிப் பயணத்துக்கு அக்டோபர், நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். நார்வேயில் வாழும் உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர்களின் அழைப்புக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

சென்னையிலிருந்து தோஹா அல்லது துபாய் வழியாக ஒஸ்லோ, அங்கிருந்து ட்ரொம்சோவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பலரும் தடுமாறும் இடம் ஒஸ்லோ விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறும்போது, பெட்டியில் ட்ரொம்சோ என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் பொதுவாக அங்கே பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். குடிவரவு வரிசையும் உண்டு. இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். எல்லாப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள், தனித்தனியாக எடுத்தால் பனியில் ஒன்று தாமதமாகும்போது அடுத்ததற்கான பணம் போய்விடும். பெட்டி ஒரு நாள் பின்தங்கி வருவதும் குளிர்காலத்தில் நடக்கும் என்பதால் வெப்ப உள்ளாடை, கையுறை, குல்லா, மருந்து இவை கைப்பையிலேயே இருக்கட்டும்.

அறையை ஆறு மாதம் முன்பே பிடியுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நல்ல ஹோட்டல் அறை ஓர் இரவுக்குப் பெரும்பாலும் 2,000 குரோனரைத் தாண்டும் (நார்வே நாணயமான குரோனரை ஏறக்குறைய 9 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடலாம்). நான்கு பேர் என்றால் சமையலறையுள்ள அடுக்ககம் மலிவு. நகர மையத்திலேயே தங்குங்கள். சுற்றுலா வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்பும், இரவு 2 மணிக்குத் திரும்பும்போது நடந்தே அறைக்குப் போய்விடலாம்.

சுற்றுலா வண்டியா, சொந்த ஓட்டமா

பனியில் வண்டி ஓட்டிப் பழகாதவர் இங்கே ஓட்டக் கூடாது. முள் பதித்த டயர் இருந்தாலும் வளைவில் பிரேக் அடிக்கும் பழக்கம் நம் கையில் ஊறியது, பனிக்கட்டி மேல் அது வண்டியைச் சுழற்றிவிடும். இருட்டில் மூஸ் என்ற பெரிய மானும் பனிமானும் குறுக்கே வரும். எல்லாவற்றையும்விட ஆபத்து, ஒளி தெரிந்ததும் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்துவது. பனி ஒதுக்கிய சாலையில் ஓரம் என்று ஒன்று இருக்காது, பின்னால் வரும் லாரிக்கு உங்களைத் தெரியாது.

அனுபவமுள்ள வழிகாட்டியோடு வண்டியில் போங்கள். ஒருவருக்கு 1,000 முதல் 2,000 குரோனர் வரை ஆகும். பெரிய பேருந்து மலிவு, ஆனால் குறுகிய இடங்களில் நிறுத்த முடியாது, ஐம்பது பேரின் கைபேசி வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். 8 முதல் 16 பேர் ஏறும் சிற்றுந்தே எங்கள் தேர்வு. பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- மேகம் இருந்தால் பின்லாந்து எல்லை வரை போவீர்களா, அல்லது எப்போதும் ஒரே முகாமா?
- மொத்தம் எத்தனை மணி நேரம்? (தேடிப் போகும் வண்டி 7, 8 மணி நேரமாவது எடுக்கும்.)
- குளிர் உடையும் பூட்ஸும் தருவீர்களா? முக்காலி?
- எத்தனை வயதுப் பிள்ளைகள் வரை ஏற்பீர்கள்? குழந்தை இருக்கை உண்டா?
- ஒளி தெரியாவிட்டால் மறு பயணத்துக்குச் சலுகை உண்டா?

பின்லாந்துக்குள் போகும் இரவில் கடவுச்சீட்டு சட்டைப்பையில் இருக்க வேண்டும். வழியில் கழிப்பறை அரிது, கிளம்பும் முன் முடித்துக்கொள்ளுங்கள்.

எல்லா இரவுக்கும் முன்பதிவு செய்யாதீர்கள். போய் இறங்கியதற்கு மறுநாள் இரவுக்கு ஒன்றை மட்டும் முன்பே எடுங்கள். ஒளி கிடைத்துவிட்டால் மிச்ச இரவுகள் இலவசம், நகருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஐந்து இரவுத் திட்டத்தில் இன்னும் மூன்று இரவு கையில் இருக்கும். இரண்டாவது வண்டியை 24 மணி நேரம் முன்புவரை ரத்துசெய்யும் வசதியோடு எடுத்து வையுங்கள், கூட்டமான வாரங்களில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. இறங்கிய அன்று இரவு வேண்டாம் என்பதற்குக் காரணம் உடல்: குளிர்காலத்தில் நார்வே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு 10 என்றால் உங்கள் உடலுக்கு அதிகாலை 2.30. ஒளி பார்க்கும் நாள்களில் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுங்கள்.

நகருக்குள் நடந்து போகக்கூடிய இருட்டான இடங்கள் இரண்டு: தீவின் உச்சியிலுள்ள பிரெஸ்ட்வன்னெ ஏரி, தெற்கு முனையிலுள்ள டெலிகிராஃப்புக்தா கடற்கரை. ஃப்யெல்ஹைசென் கேபிள் காரில் 421 மீட்டர் உயரத்துக்கும் போகலாம், அங்கே காற்று கடுமையாக அடிக்கும்.

ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டியவை

நண்பகலில் ஒரு முறை, மாலை 5 மணிக்கு ஒரு முறை போதும். முதலில் யர் என்ற நார்வே வானிலைச் செயலியில் ட்ரொம்சோ, ஷிபொட்ன், கில்பிஸ்யார்வி, மேற்குக் கடலோரத்துச் சொம்மரோய் ஆகிய நான்கு இடங்களின் மணிவாரி மேகத்தைப் பாருங்கள். பிறகு காற்றின் திசை. மேற்கு, வடமேற்குக் காற்று கடலிலிருந்து பனிச்சாரலைக் கொண்டுவரும், அன்று உள்நாட்டுப் பக்கம் போகும் வண்டியில் ஏறுங்கள். தென்கிழக்குக் காற்று நிலத்திலிருந்து வருவதால் உலர்ந்திருக்கும், அன்று கடற்கரையே போதும். உயர்ந்த மெல்லிய மேகம் என்றால் பயப்பட வேண்டாம், ஒளி அதன் வழியே கசியும்.

மேகம் சரியென்றால்தான் சூரியக் காற்றைப் பாருங்கள். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கும் செயற்கைக்கோள்கள் அளந்து அனுப்பும் எண்கள் செயலிகளில் வரும். அவற்றில் பி.இசட் (சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்று காட்டும் எண்) எதிர்க்குறியில், அதாவது தெற்கு நோக்கி இருக்கிறதா என்று கவனியுங்கள். மைனஸ் 5க்குக் கீழே அரை மணி நேரம் நிலைத்தால் வெளியே இருங்கள். இந்த முன்னறிவிப்பு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் செல்லும். மூன்று நாள் கழித்து கேபி 5 என்று செயலி சொல்வதை நம்பி வண்டியை ரத்துசெய்துவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு. கேபி உண்மையாகவே 5, 6க்குப் போனால் வளையம் தெற்கே விரிந்துவிடும், அன்று ட்ரொம்சோவில் நின்றுகொண்டு தெற்கு வானத்தைப் பார்க்க வேண்டும்.

உடை

மூன்று அடுக்கு. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, நடுவில் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், பேன்ட். பருத்தி எந்த அடுக்கிலும் வேண்டாம். பனியனும் ஜீன்ஸும் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் நடை நின்ற பத்தாவது நிமிடம் உடலைக் குளிர வைத்துவிடும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் ஜாக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டுப் பாதத்தைக் கோட்டைவிடுகிறார்கள். மைனஸ் 20ல் அசையாமல் இரண்டு மணி நேரம் நிற்பதற்கு ஓட்டக் காலணி உதவாது. ஓர் அளவு பெரிய குளிர் பூட்ஸ், உள்ளே ஒரு மெல்லிய சாக்ஸும் ஒரு தடித்த கம்பளிச் சாக்ஸும். மூன்று சாக்ஸ் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். கைக்கு மெல்லிய கையுறை, அதன்மேல் விரல் பிரியாத தடித்த உறை. நகரத்து நடைபாதைகள் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். ஷூவில் மாட்டும் முள்பட்டையை ட்ரொம்சோவில் இறங்கியதும் வாங்குங்கள், பெரியவர்களுக்கு அது இல்லாமல் வெளியே கிளம்பவே வேண்டாம்.

மூக்கு நுனி, கன்னம், காது மடல் வெளுத்து உணர்வற்றுப் போனால் அது உறைபுண்ணின் தொடக்கம். தேய்க்கக் கூடாது, பனியால் தடவக் கூடாது. உள்ளங்கையால் மூடிச் சூடாக்கி வண்டிக்குள் ஏறுங்கள்.

அந்த இரவில்

தொடக்கத்தில் ஒளி வடக்கிலோ கிழக்கிலோ சாம்பல் நிற வில்லாக நிற்கும், மேகம் என்றே நினைக்கத் தோன்றும். நட்சத்திரம் அதன் ஊடே தெரிந்தால் ஒளி, மறைந்தால் மேகம். ஐயம் இருந்தால் கைபேசியில் மூன்று விநாடிப் படம் எடுங்கள், பச்சையாக விழும். மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் திறன் குறைவு. ஆகவே புகைப்படங்களில் பார்த்த அடர்பச்சையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஒளி வலுத்தால் கண்ணுக்கே பச்சை தெரியும், ஓரத்தில் இளஞ்சிவப்பும் ஓடும்.

அந்த வில் அரை மணி, ஒரு மணி நேரம் அப்படியே நின்று, திடீரென்று வெடித்து வானம் முழுக்கப் பாயும். அந்த உச்சம் சில நிமிடங்கள்தான். பிறகு மின்னி மின்னி மங்கும் திட்டுகளாகக் கலையும். அடுத்த வெடிப்புக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகலாம். மங்கியதும் "முடிந்தது" என்று அறைக்குத் திரும்புவதுதான் புதியவர்கள் அதிகம் இழக்கும் தருணம்.

கேமராவை வெளிச்சமுள்ள இடத்திலேயே தயார் செய்யுங்கள்: கைமுறை நிலை, அகலக் கோண லென்ஸ், துளை எஃப் 2.8 அல்லது உங்கள் லென்ஸின் மிக அகலமான அளவு, ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200, ரா கோப்பு, வெண்மைச் சமன் 3500 முதல் 4000 கெல்வின். தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி அது சிறு புள்ளியாகும்வரை கையால் திருப்புங்கள். படம் மங்கலாக வருவதற்குக் காரணம் பத்தில் ஒன்பது முறை இந்தக் குவியம்தான். ஒளி அசையாமல் நின்றால் 8 முதல் 10 விநாடி, வேகமாக ஆடினால் 1 முதல் 3 விநாடி. பத்து விநாடி எடுத்தால் ஆடும் திரை பச்சைக் குழம்பாகிவிடும். கைபேசியானாலும் முக்காலி வேண்டும், ஃபிளாஷ் கூடாது. பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும் என்பதால் இன்னொன்றை உள்சட்டைப் பையில் உடல் சூட்டில் வையுங்கள். லென்ஸ் மேல் மூச்சு விடாதீர்கள், உறைந்துவிடும். அறைக்குத் திரும்பும் முன் கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடி, உள்ளே போய் இரண்டு மணி நேரம் கழித்துத் திறங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே படியும்.

சாப்பாட்டுக்கு ரெமா 1000, கிவி, கூப் போன்ற பேரங்காடிகளில் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கிடைக்கும், உணவகத்தை நம்பினால் செலவு எகிறும். ஊரிலிருந்து பொடி வகை, உலர் சாதக் கலவை எடுத்துப் போகலாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை உண்டு, ஆகவே பால்கோவா, நெய், ஆட்டுக்கறித் தொக்கு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ரொக்கம் பெரும்பாலும் தேவையில்லை, அட்டைதான்.

மேகம் விலகவே இல்லை என்றால்

மூன்று நாள் முன்னறிவிப்பில் ட்ரொம்சோ, ஷிபொட்ன், கில்பிஸ்யார்வி மூன்றும் மூடியே இருந்தால், ரத்துசெய்யக்கூடிய அறையாக எடுத்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நார்விக்குக்குப் பேருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து அபிஸ்கோவுக்கு ரயில் இரண்டு மணி நேரத்துக்குள். ரயில்கள் நாளுக்குச் சிலவே ஓடும், பேருந்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். அபிஸ்கோவில் அறைகள் குறைவு என்பதால் கிளம்பும் முன்பே தொலைபேசியில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். திரும்பும் விமானம் ட்ரொம்சோவிலிருந்து என்றால் கடைசி இரவை அங்கேயே வையுங்கள், பனிப்புயலில் மலை ரயில் பாதை அடைபடும் நாள்கள் உண்டு.